ரேடார் ஏவுகணை துரத்தினால் போர் விமானம் எப்படித் தப்பிக்கிறது?

புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "விமான சாகச வீடியோக்களில் போர் விமானம் நெருப்புப் பந்துகளாகக் கொட்டிக்கொண்டே திரும்புகிறதே, ரேடார் ஏவுகணை வந்தாலும் அதையேதான் செய்வார்களா? ஏவுகணை கிளம்பிவிட்டது என்று விமானிக்கு எப்படித் தெரியும்? ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் வருவதிடமிருந்து விமானம் எப்படி ஓட முடியும்? ரஃபேல் மாதிரி விமானத்தில் இதையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளாதா?"

நான் விமானப்படையில் தரையில் இருந்தபடி ரேடார் பக்கம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபின் கடலூரில் இருக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் எல்லோருக்கும் வெளியில் கிடைக்கிற விஷயங்களும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலும்தான்.

முதலில் அந்த நெருப்புப் பந்து. அதன் பெயர் ஃபிளேர். மக்னீசியம் கலந்த கலவை, பற்றினால் கடுமையான வெப்பத்தோடு எரியும். எஞ்சின் சூட்டைத் தேடி வரும் ஏவுகணையின் கவனத்தைத் திருப்பத்தான் அது. ரேடார் ஏவுகணை சூட்டைப் பார்ப்பதே இல்லை, ரேடியோ அலையின் எதிரொலியைத்தான் பார்க்கிறது. எத்தனை ஃபிளேர் கொட்டினாலும் அது சட்டை செய்யாது.

ரேடார் ஏவுகணையை ஒரே ஒரு கருவியோ ஒரே ஒரு வித்தையோ தோற்கடிப்பதில்லை. ஏவுகணை சேர்த்து வைத்திருக்கும் வேகத்தைக் கரைக்க வேண்டும், அதன் பார்வையையும் சில விநாடிகள் கெடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விமானம் தப்பும். இந்த முதல் பாதியை வீடியோக்கள் காட்டுவதில்லை. அதனால்தான் பலரும் ஏதோ பொத்தானை அமுக்கினால் ஏவுகணை ஏமாந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

ஏவுகணை எப்படிப் பார்க்கிறது என்பதில் மூன்று வகை உண்டு. பழைய வகையில் தரையில் இருக்கும் ரேடார் விமானத்தையும் ஏவுகணையையும் சேர்த்துக் கவனித்து, "இடப்பக்கம் போ, மேலே போ" என்று ரேடியோவில் கட்டளை அனுப்பும். 1960 மே 1 அன்று சோவியத் வானில் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை வீழ்த்திய எஸ்-75 இந்த வகைதான். இரண்டாவது வகையில், ஏவிய விமானத்தின் ரேடார் இலக்கின் மீது தொடர்ந்து அலையைப் பாய்ச்ச வேண்டும், ஏவுகணை அதன் எதிரொலியைப் பிடித்துக்கொண்டு போகும். அமெரிக்க ஸ்பாரோ, ரஷ்ய ஆர்-27ஆர் இப்படிப்பட்டவை. இதில் ஒரு பலவீனம் இருக்கிறது: ஏவியவன் முகத்தைத் திருப்பினால் ஏவுகணை குருடாகிவிடும். அதனால் பதிலுக்கு அவன் மீது ஒரு ஏவுகணையை விட்டு அவனைத் திரும்ப வைப்பதே அந்தக் காலத்தில் நல்ல தற்காப்பாக இருந்தது. மூன்றாவது வகைக்குத் தன் மூக்கிலேயே சின்ன ரேடார் உண்டு. பாதி வழி வரை தன் உள் கணக்கிலும், ஏவிய விமானம் அனுப்பும் டேட்டா லிங்க் தகவலிலும் போகும். கடைசிக் கட்டத்தில் சொந்த ரேடாரைத் திறந்து தானே தேடிக்கொள்ளும். அமெரிக்க ஆம்ராம், ரஷ்ய ஆர்-77, நம் அஸ்திரா, ரஃபேலில் இருக்கும் மீட்டியோர், சீனத்தின் பி.எல்-15 எல்லாம் இந்த வகை. இன்றைக்குப் பேச வேண்டியது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

சரி, விமானிக்கு எப்படித் தெரியும்?

விமானத்தின் மூக்கு, வால், இறக்கை நுனி என்று பல இடங்களில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் பொருத்தியிருப்பார்கள். இவை எதையும் அனுப்பாது, கேட்க மட்டும் செய்யும். இந்த அமைப்புக்கு ரேடார் எச்சரிக்கைக் கருவி என்று பெயர். நம் நாட்டிலும் இதைச் செய்கிறோம், தரங் என்ற பெயரில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ உருவாக்கியது உண்டு. ரேடார் அலை போய்த் திரும்பி வர வேண்டும், எச்சரிக்கைக் கருவிக்கோ போகிற அலை மட்டும் கிடைத்தால் போதும். அதனால் சாதாரண ரேடார் விமானத்தைப் பார்ப்பதற்கு வெகு தூரம் முன்பே விமானம் அந்த ரேடாரைக் கேட்டுவிடும். காக்பிட்டில் சின்ன வட்டத் திரை ஒன்றில் எந்தத் திசையிலிருந்து என்ன வகை ரேடார் என்று குறி விழும், காதில் ஓசை கேட்கும். சும்மா தேடிக்கொண்டிருக்கும் ரேடார் சில விநாடிக்கு ஒரு முறை வந்து தொட்டுவிட்டுப் போகும். குறிவைத்துவிட்டால் ஓசை விடாமல் வரும். வியட்நாமில் 1965 ஜூலை 24 அன்று தரையிலிருந்து பாய்ந்த ஏவுகணைக்கு முதல் அமெரிக்க விமானம் பலியானது. அதன் பிறகுதான் இந்தக் கருவிகளை அவசர அவசரமாகப் போர் விமானங்களில் பொருத்த ஆரம்பித்தார்கள்.

ஆனால் இந்தக் கருவி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இன்றைய ரேடார் பல இலக்குகளைத் தேடிக்கொண்டே ஒவ்வொன்றின் பாதையையும் கணக்கு வைத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே ஏவுகணையையும் விட்டுவிடலாம். எதிரில் இருப்பவருக்கு ஓசையில் மாற்றமே தெரியாது. ஏவுகணை தன் மூக்கு ரேடாரைத் திறக்கும்போதுதான் காதில் புதிதாக ஒரு அலறல் கேட்கும். அது 15 கி.மீ தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏவுகணை விநாடிக்கு 900 மீட்டர், விமானம் எதிரே 300 மீட்டர், சேர்த்து 1,200. பன்னிரண்டரை விநாடியில் கதை முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் யோசித்து, திரும்பி, தப்பிப்பது மிகவும் கஷ்டம். அதனால் அனுபவமுள்ள விமானிகள் அலறலுக்காகக் காத்திருப்பதில்லை. எதிரி ஏவக்கூடிய தூரத்துக்குள் வந்துவிட்டாலே ஏவிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்வார்கள்.

தரையிலிருந்து வரும் ஏவுகணையிலும் இந்த விளையாட்டு உண்டு. 1995 ஜூன் 2 அன்று போஸ்னியா வானில் ஸ்காட் ஓ'கிரேடி என்ற அமெரிக்க விமானியின் எஃப்-16 விழுந்தது. போஸ்னிய செர்பியப் படையினர் தங்கள் கூப் ஏவுகணையின் ரேடாரைக் கடைசி நேரம் வரை அணைத்தே வைத்திருந்தார்கள். திறந்தார்கள், ஏவினார்கள். முதல் ஏவுகணை அவர் விமானத்துக்கும் கூடப் பறந்த விமானத்துக்கும் நடுவில் வெடித்தது, அடுத்தது அவர் விமானத்தைக் கிழித்தது.

ஏவுகணையின் எஞ்சின் தீயைப் பார்த்து எச்சரிக்கும் கருவிகளும் இருக்கின்றன. கிட்டத்தில் விடப்பட்ட ஏவுகணைக்கு அவை உதவும். வெகு தூரத்திலிருந்து வருவது பாதி வழியிலேயே எரிபொருளைத் தீர்த்துவிட்டு வெறும் வேகத்தில் மிதந்து வரும், அப்போது பார்ப்பதற்குத் தீயே இருக்காது.

எரிபொருள் தீர்ந்துவிடுவதுதான் தப்பிக்கும் கணக்கின் ஆரம்பம். வழக்கமான ஏவுகணையின் ராக்கெட் எஞ்சின் சில விநாடிகள்தான் எரியும். அதற்குள் எடுத்த வேகத்தை வைத்துத்தான் மிச்ச தூரத்தையெல்லாம் ஓட்ட வேண்டும். காற்று அந்த வேகத்தை விடாமல் தின்றுகொண்டே இருக்கும். விமானத்துக்கோ எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். வேகங்கள் முன்பு சொன்ன அதே 900, 300. ஏவுகணை 60 கி.மீ தூரத்தில் நேருக்கு நேர் ஏவப்பட்டது. விமானம் அப்படியே எதிரே போனால் 50 விநாடியில் சந்திப்பு, அதற்குள் ஏவுகணை ஓட வேண்டியது 45 கி.மீ. விமானம் உடனே திரும்பி முதுகைக் காட்டி ஓடினால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 600 மீட்டராகக் குறைந்துவிடும். சந்திக்க 100 விநாடி ஆகும், ஏவுகணை 90 கி.மீ ஓட வேண்டும். இரட்டிப்பு தூரம். இதில் ஏவுகணையின் வேகம் குறைவதை நான் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தால் பெரும்பாலான ஏவுகணைகள் வழியிலேயே சோர்ந்து விழுந்துவிடும். செய்திகளில் "100 கி.மீ பாயும்" என்று போடுகிறார்களே, அது உயரத்தில், எதிரே வரும் இலக்குக்கான எண். அதே ஏவுகணைக்கு, ஓடிப்போகும் இலக்கின் மீது அந்த எண் பாதிக்கும் கீழே போய்விடும்.

அப்புறம் உயரம். 12 கி.மீ உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். விமானி திரும்பி ஓடும்போதே மூக்கைக் கீழே சாய்ப்பார். விமானத்துக்கு இறங்குவதில் வேகம் கிடைக்கும். பின்னால் வரும் ஏவுகணை அடர்ந்த காற்றுக்குள் இறங்க வேண்டியிருக்கும், அதன் வேகம் மளமளவென்று கரையும். வீடியோவில் பார்த்தால் விமானம் சும்மா ஓடுகிற மாதிரிதான் தெரியும். ஆனால் தற்காப்பு முறைகளிலேயே அதிகம் நம்பத்தக்கது இந்த ஓட்டம்தான் என்பது என் கருத்து.

தாங்களும் ஏவுகணை விட்டிருந்தால் உடனே முதுகைக் காட்ட முடியாது, டேட்டா லிங்கில் வழிகாட்ட வேண்டும். அப்போது விமானத்தை ஒரு பக்கமாக 50, 60 பாகை திருப்பி, எதிரியைத் தன் ரேடாரின் ஓரத்தில் வைத்துக்கொண்டு சாய்வாகப் போவார்கள். நெருங்கும் வேகமும் குறையும், எதிரியும் கண்ணை விட்டுப் போகமாட்டான். தன் ஏவுகணை சொந்த ரேடாரைத் திறந்ததும் முழுதாகத் திரும்பிவிடுவார்கள்.

ஏவுகணை செய்பவர்களுக்கும் இது தெரியும். மீட்டியோரில் ராக்கெட்டுக்குப் பதில் காற்றை உள்ளிழுத்து எரிக்கும் ராம்ஜெட் எஞ்சின் வைத்தார்கள். கடைசி வரை உந்துவிசை இருக்கும், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கவும் முடியும். வேறு சிலர் எஞ்சினை இரண்டு தவணையாக எரிய வைக்கிறார்கள், இரண்டாவது தவணை இலக்குக்குக் கிட்டே வந்தபின்தான் பற்றும். இப்படிப்பட்டவற்றிடமிருந்து ஓட வேண்டுமென்றால் இன்னும் முன்னாலேயே திரும்பியாக வேண்டும்.

ஓடித் தப்பிக்க முடியாத தூரத்தில் வந்துவிட்டால்? கடலூர் முதுநகரில் விசைப்படகு ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் தெரியும் கப்பல் இடமோ வலமோ நகராமல், ஒரே திசையில் இருந்தபடியே பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப் போகிறது என்று சொல்வார்கள். ஏவுகணை அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறது. இலக்கு தெரியும் கோணம் மாறினால், மாறாதபடி தன்னைத் திருப்பிக்கொள்ளும். விமானம் இருக்கும் இடத்துக்கு வராமல், போய்ச் சேரப்போகும் இடத்துக்கு வரும். ஆகவே விமானி அந்தக் கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏவுகணை தன் பாதையை வளைக்க வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் அதற்கு வேகம் போகும்.

வேகம் அதிகம் என்பதே வளையும்போது ஏவுகணைக்குக் கஷ்டம். 300 மீட்டர் வேகத்தில் 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையில், வளைவு போடும் விமானத்தின் வட்டத்துக்கு ஆரம் சுமார் ஒரு கிலோமீட்டர். 900 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை 30 ஜி போட்டாலும் அதன் ஆரம் இரண்டே முக்கால் கிலோமீட்டர். இதை வைத்து ஏவுகணை தோற்றுவிடும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அது விமானத்தின் வட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, குறுக்கே வந்தால் போதும். நேரே முட்ட வேண்டியதுகூட இல்லை, சில மீட்டர் தள்ளி வந்தாலே வெடித்துச் சிதறலால் கிழித்துவிடும். ஆம்ராமின் வெடிமுனை சுமார் 20 கிலோ எடைதான், அதுவே போதும். கடைசி நேர வளைவை முன்கூட்டிப் போட்டால் ஏவுகணை திருத்திக்கொள்ளும், தாமதித்தால் சிதறலில் மாட்டுவார்கள். ஏவுகணையைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த நேரத்தைச் சரியாகக் கணிக்க முடியும்.

1991 ஜனவரி 19 அன்று பாக்தாத் மீது பகலில் போன அமெரிக்கத் தாக்குதலில் இது நடந்தது. எம்மெட் டூலியா என்பவரின் எஃப்-16இல் ஃபிளேரையும், ரேடாரை ஏமாற்றத் தூவும் சாஃப் என்ற இழைகளையும் வெளியே தள்ளும் கருவி வேலை செய்யவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு ஏவுகணைகள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திரும்பியே தப்பினார். காக்பிட் பதிவில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. பேச்சைவிட மூச்சுதான் அதிகம். 9 ஜி என்றால் 70 கிலோ ஆள் 630 கிலோ கனக்கிறார். ரத்தம் தலையை விட்டு இறங்காமல் இருக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைத் துண்டு துண்டாக விட வேண்டும். அந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். அதே தாக்குதலில் வேறு இரண்டு எஃப்-16கள் விழுந்தன, விமானிகள் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

இதுவரை சொன்னது வேகத்தைக் கரைப்பது. இனி பார்வையைக் கெடுப்பது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி டாப்ளர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. இப்போது புயல் என்றாலே ஆளாளுக்குப் போனில் காரைக்கால் டாப்ளர் ரேடார் படத்தைத் திறந்துவிடுகிறோம். அதில் மழைப் படம் தவிர, காற்றின் வேகத்தைக் காட்டும் படம் ஒன்றும் உண்டு. அதைக் கவனித்துப் பாருங்கள். ரேடாரை நோக்கி வரும் காற்று ஒரு நிறத்தில், விலகிப் போகும் காற்று வேறு நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வேகம் பூஜ்யம் என்று காட்டும் ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டையில் காற்று நின்றுவிடவில்லை. அங்கேயும் மரத்தைச் சாய்க்கும் காற்றுதான் அடிக்கிறது, ஆனால் ரேடார் பார்க்கும் திசைக்குக் குறுக்கே அடிக்கிறது. கிட்டே வரவும் இல்லை, விலகவும் இல்லை. டாப்ளருக்குத் தெரிவது கிட்டே வரும் வேகமும் விலகும் வேகமும் மட்டும்தான்.

போர் விமானத்தின் ரேடாரும் ஏவுகணையின் மூக்கு ரேடாரும் இதே டாப்ளரை நம்பித்தான் இருக்கின்றன. மேலிருந்து கீழே பார்க்கும்போது தரையிலிருந்து வரும் எதிரொலி விமானத்தின் எதிரொலியைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் விமானத்தைப் பிரித்தெடுக்க ஒரே வழி, தரை நகரவில்லை, விமானம் நகர்கிறது என்பதுதான். 3 செ.மீ அலைநீளத்தில் 300 மீட்டர் வேகத்தில் எதிரே வரும் விமானம் எதிரொலியின் அதிர்வெண்ணை 20,000 ஹெர்ட்ஸ் நகர்த்திவிடும். தரை போலத் தெரிவதையெல்லாம் ரேடார் வடிகட்டித் தள்ளிவிடும்.

விமானி இங்கேதான் புகுந்து விளையாடுகிறார். ஏவுகணை வரும் திசைக்குச் சரியாகக் குறுக்கே, 90 பாகையில் பறந்தால் அவர் கிட்டே வரும் வேகம் பூஜ்யம். அவர் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்துவிடும், ரேடார் இரண்டையும் சேர்த்தே கழித்துவிடும். விமானிகள் இதை நாட்ச் என்பார்கள். அந்தக் கோணத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். 5 பாகை பிசகினால் 26 மீட்டர் வேகம் தெரியும், 10 பாகை பிசகினால் 52 மீட்டர். எச்சரிக்கைக் கருவி காட்டும் திசையோ அவ்வளவு துல்லியமானதல்ல. அதோடு ரேடாருக்குக் கீழே இருக்க வேண்டும், பின்னணியில் தரையோ கடலோ தெரிய வேண்டும். பின்னால் வெறும் வானம் இருந்தால் கழிப்பதற்குத் தரை எதிரொலியே இருக்காது, வித்தை பலிக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ரேடாருக்குக் குறுக்கே பறப்பவர் வேறு திசையில் இருக்கும் இன்னொரு ரேடாருக்கு எதிரே பறப்பவராகத்தான் இருப்பார். நேத்ரா மாதிரியான வான் கண்காணிப்பு விமானம் பக்கவாட்டில் இருந்து பார்த்து டேட்டா லிங்கில் சொல்லிக்கொண்டிருந்தால் ஏவுகணை தொலைத்ததை மறுபடி கண்டுபிடித்துவிடும்.

குறுக்கே திரும்பும் அதே நேரத்தில் சாஃப் தூவுவார்கள். முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை, மேலே அலுமினியப் பூச்சு. நீளம் எதிரி ரேடார் அலைநீளத்தில் பாதி, 3 செ.மீ அலைக்கு ஒன்றரை செ.மீ. அந்த நீளத்தில் வெட்டினால் ஒவ்வொரு இழையும் தன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பளிச்சென்று எதிரொலிக்கும். இது இரண்டாம் உலகப் போர்ச் சரக்கு. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது போன பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் 27 செ.மீ நீள அலுமினியப் பட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொட்டின. ஜெர்மன் ரேடார் திரைகள் வெள்ளைக்காடாகிவிட்டன. போன 791 விமானங்களில் 12தான் திரும்பவில்லை. ஜெர்மானியர்களுக்கும் இந்த யோசனை முன்பே தெரியும். எதிரி கற்றுக்கொண்டுவிடுவான் என்று பயந்து இரண்டு தரப்புமே நெடுநாள் பூட்டி வைத்திருந்தன.

இன்று சாஃப் மட்டும் போதாது. தூவிய ஒன்றிரண்டு விநாடியில் அது காற்றின் வேகத்துக்கு அடங்கிவிடும், டாப்ளர் ரேடார் "இது நகரவில்லை" என்று ஒதுக்கிவிடும். எதிரே பறந்துகொண்டே சாஃப் தூவினால் அதனால் பெரிய பலன் இல்லை. குறுக்கே திரும்பி, விமானமும் நகராத மாதிரித் தெரியும்போது தூவினால்தான் ஏவுகணைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்போது பெரிதாக எதிரொலிப்பதை நோக்கி அது போக வாய்ப்பு உண்டு. நம் விமானப்படைக்கான சாஃபை ஜோத்பூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ ஆய்வகம், புணேயில் உள்ள இன்னொரு ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கியதை 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

அடுத்தது ஜாமிங், அதாவது நாமே ரேடியோ அலை அனுப்பி எதிரி ரேடாரைக் குழப்புவது. பொதுவாக எல்லோரும் நினைப்பது இரைச்சலைப் பாய்ச்சுவது. அது வேலை செய்யும், ஆனால் ரேடார் தூரத்தில் இருக்கும் வரைதான். ரேடாரின் எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் குறைகிறது, ஜாமரின் இரைச்சல் ஒருவழிதான் என்பதால் இரண்டாம் அடுக்கில். தூரம் பாதியானால் எதிரொலி 16 மடங்கு கூடும், இரைச்சல் 4 மடங்குதான். ஆக, கிட்டே வரவர எதிரொலி இரைச்சலைத் தாண்டித் தெரிந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆம்ராம் உட்படப் பல ஏவுகணைகள் இரைச்சலையே விளக்காக வைத்துக்கொண்டு அதை நோக்கி வந்துவிடும்.

புத்திசாலித்தனமான முறை ஏமாற்றுவது. எதிரி ரேடாரின் துடிப்பை இலக்க முறையில் பதிவு செய்து, அச்சு அசலாக, கொஞ்சம் பலமாகத் திருப்பி அனுப்புவார்கள். ரேடார் அதுதான் இலக்கு என்று பிடித்துக்கொள்ளும். பிறகு திருப்பி அனுப்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்துவார்கள். ரேடாருக்கு இலக்கு மெல்ல விலகிப் போவதாகத் தோன்றும், அதன் பின்னாலேயே போகும். உண்மையான விமானத்தை விட்டு வெகு தூரம் போனதும் ஜாமரை நிறுத்திவிட்டால் ரேடார் கையில் ஒன்றுமே இருக்காது, முதலிலிருந்து தேட வேண்டும். ஏவுகணைக்கு அந்த நேரம் கிடையாது.

ஏவுகணை ஜாமரை நோக்கியே வருகிறது என்றால், ஜாமரை விமானத்துக்கு வெளியே வைத்துவிட்டால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் இழுத்துச் செல்லும் டிகாய் என்ற போலி இலக்கு. நீண்ட கேபிளின் முனையில் சின்ன ஒலிபரப்பி விமானத்துக்குப் பின்னால் பறந்து வரும். 1999 கொசோவோ போரில் அமெரிக்க விமானங்கள் இதைப் பயன்படுத்தின. யூரோஃபைட்டரின் இறக்கை நுனியிலும் இது உண்டு. ஏவுகணை டிகாயை அடித்தால் போகட்டும், விமானம் வீடு திரும்பும்.

தாழப் பறந்து மறைவது பழைய வழி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் 10 மீட்டர் கம்பத்தின் மேல் ரேடார் வைத்தால், 10 கி.மீ உயரத்தில் வரும் விமானத்தை 400 கி.மீக்கும் அதிகமான தூரம் வரை பூமியின் வளைவு மறைக்காது. அதுவே கடலுக்கு 50 மீட்டர் மேலே வந்தால் 42 கி.மீ கிட்டே வரும் வரை மறைவில்தான் இருக்கும். மேலே கண்காணிப்பு விமானம் இருந்தால் இது பலிக்காது. ரேடாருக்கு எளிதில் தெரியாதபடி செய்யும் ஸ்டெல்த் வடிவமைப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: எதிரொலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால் ரேடார் பார்க்கும் தூரம் பத்தில் ஒன்றாகும். அவ்வளவு கடினமான வேலை அது. அப்படிச் செய்த எஃப்-117ஐக்கூட 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் பழைய எஸ்-125 ஏவுகணை வீழ்த்தியது.

நம் அனுபவம் 2019 பிப்ரவரி 27. பாகிஸ்தானின் எஃப்-16கள் ஆம்ராம் ஏவின. அதன் உடைந்த பாகத்தை மறுநாள் டெல்லியில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். மோதலில் இருந்த சுகோய்-30கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பின என்று விமானப்படை சொன்னது. திருவண்ணாமலை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அபிநந்தனின் மிக்-21 அன்று வீழ்த்தப்பட்டது. சுகோய்கள் மீது விட்ட ஆம்ராம்களைப் பற்றிப் பேசும்போது பலரும் "ஏவுகணை படவில்லை, ஆகவே வீண்" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏவுகணைக்காகத் திரும்பி ஓடும் விமானம் அந்த நேரத்துக்குச் சண்டையில் இல்லை. வியட்நாமில் எத்தனையோ விமானங்கள் தப்புவதற்காகக் குண்டுகளைக் காட்டில் உதிர்த்துவிட்டுத் திரும்பின. ஏவுகணை அவற்றைத் தொடக்கூட இல்லை, ஆனால் தாக்குதல் நடக்கவில்லை.

கடைசிக் கேள்வி, கணினியே பார்த்துக்கொள்ளாதா? ரஃபேலின் ஸ்பெக்ட்ரா போன்ற அமைப்புகள் நிறையவே பார்த்துக்கொள்கின்றன. எந்த ரேடார் என்று கண்டுபிடித்து, எந்த ஜாமிங், எப்போது சாஃப் என்று தாமே முடிவெடுக்கும். விமானத்தைத் திருப்புவதும் ஓடுவதும் இன்னும் விமானி கையில்தான். கணினியின் முடிவும் ஒரு நூலகத்தை நம்பி இருக்கிறது: எதிரியின் ஒவ்வொரு ரேடாரும் என்ன அதிர்வெண்ணில், என்ன துடிப்பில், எந்த ஒழுங்கில் பேசும் என்ற பதிவு. அதில் இல்லாத ரேடார் வந்தால் "தெரியாதது" என்ற குறி மட்டும் திரையில் விழும். எந்தப் பொய்யை அதற்குச் சொல்வது என்று ஜாமருக்குத் தெரியாது. அந்தப் பதிவுகளைச் சேர்க்கத்தான் சமாதான காலத்தில் எல்லை ஓரமாக உளவு விமானங்கள் பறக்கின்றன. 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி45 ஏற்றிச் சென்ற எமிசாட் செயற்கைக்கோளும் மின்காந்த அலைகளை அளக்கப் போனதுதான். 2025 மே மோதலின்போது பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கம் வயலில் பி.எல்-15இன் பெரிய பாகங்கள் கிடைத்தபோது அவ்வளவு பேச்சு எழுந்ததும் இதனால்தான். இப்படிக் கிடைக்கும் பாகத்தில் மூக்கு ரேடாரும் அதன் மின்னணுப் பலகைகளும் சிதையாமல் இருந்தால், அது எந்த அதிர்வெண்ணில் தேடும், நாட்சையும் சாஃபையும் எப்படி வடிகட்டும் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். தெரிந்துகொண்டதை நூலகத்தில் ஏற்றிவிட்டால், அடுத்த முறை அதே ரேடார் திறக்கும்போது திரையில் அதன் பெயரே விழும்.